மழைக்கு மட்டும் ஆகிற கை

அக்கா,

நேற்று கள்ளக்குறிச்சிக்குப் படுதா வாங்கப் போயிருந்தேன். பின்கட்டில் ஓடு சரிந்து ஒழுகுகிறது. பிரித்து மேய்வதற்கு இந்த வருஷம் ஆகாது, இப்போதைக்கு மேலே ஒன்றைப் போட்டு மூடலாம் என்று. கடைக்காரர் நீலப் படுதா ஒன்றை உதறிப் பிரித்தார். புதுப் படுதாவுக்கு ஒரு வாடை உண்டே, மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்த மாதிரி, அது மூக்கில் ஏறியது. நான் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு எதிர்மூலையைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. "வூட்ல புடிக்க இன்னொரு ஆள் இருக்காங்களாம்மா? ஒருத்தரா போட முடியாது, காத்து தூக்கிக்கும்" என்றார் கடைக்காரர். இருக்கிறார்கள் என்றேன். மாமியாரைச் சேர்த்துக்கொண்டால் அது பொய்யில்லை.

கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வழிநெடுக உன்னோடு பேசிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் நான் வாய் திறந்து பேசியது ரொம்பக் குறைவு. வீட்டுக்காரர் போர்வெல் வண்டியோடு வடக்கே போனவர், பொங்கலுக்குத்தான் வருவார். பெண் சேலத்தில் ஹாஸ்டலில் இருக்கிறாள். மாமியார் என்னோடு பேசுவதை நிறுத்தி இரண்டரை வருஷம் ஆகிறது. ஒரே அடுப்பில் சமைக்கிறோம், ஒரே டிவியைப் பார்க்கிறோம், பேச்சுமட்டும் இல்லை. உன்னோடாவது பேசலாமே என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை நீ என்றே எழுதுகிறேன். முதல் மூன்று வருஷமும் உன்னை நீ என்றுதான் சொன்னேன், பேர் சொல்லியும் கூப்பிட்டேன். நீ என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஆனாலும் அப்படிக் கூப்பிட எங்கள் தெரு எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. நீ என்னை வாங்க, போங்க என்றாய். அது உன் தெரு உனக்குச் சொல்லிக்கொடுத்தது. இப்போது எழுதுகிற நீ வேறு. கூடப்பிறந்தவள் மாதிரி ஆகிவிட்ட அக்காவை நீங்க என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நாம் வேலை பார்த்த ஜவ்வரிசி ஆலையை நீ மறந்திருக்க மாட்டாய். மறக்க அந்த நாற்றம் விடாது. ரோட்டுப்பக்கம் பெரிய சிமென்ட் களம். அதற்குப் பின்னால் வறுக்கிற அடுப்பு, அதற்கும் பின்னால் மாவுப்பால் தெளிகிற தொட்டிகள். கடைசியில், கழிவுத் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை ஒட்டி, நீங்கள் தோல் சீவுகிற கொட்டகை. கல்வராயன் மலையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் குச்சிக்கிழங்கு, வெளியூரில் மரவள்ளி என்பார்களே அது, உங்கள் கத்தியில்தான் முதலில் படும். காலனிப் பெண்கள் பன்னிரண்டு பேர், மலையிலிருந்து வந்து தங்கியிருந்த பெண்கள் ஐந்தாறு பேர். களத்தில் ஜவ்வரிசி காயப்போட்டு, கிளறி, அள்ளி மூட்டை பிடிப்பது நாங்கள். ஆறு பேர், ஆறு பேரும் ஒரே தெரு. இப்படித்தான் என்று எந்தப் பலகையிலும் எழுதி மாட்டியிருக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நீங்கள் தொட்டுச் சீவிய கிழங்குதான் அரைபட்டு, தெளிந்து, உருண்டு, வறுபட்டுக் களத்துக்கு வரும். தொட்டித் தண்ணீரைத் தாண்டி வந்துவிட்டால் அது வேறு ஜாதிச் சரக்காகிவிடும் போலிருக்கிறது. அதற்கப்புறம் உங்கள் கை அதில் படக்கூடாது. இந்த விசித்திரத்தைப் பற்றி நான் அப்போது ஒரு நாளும் யோசித்தது கிடையாது. பிளஸ் டூவில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தவள் நான்.

யோசிக்க வைத்தது மழைதான். களத்திலிருந்து பார்த்தால் மேற்கே மலை தெரியும். மலை மறைந்துவிட்டால் கால் மணி நேரத்தில் மழை நம் தலைமேல். மேஸ்திரி விசில் ஊதுவார். அந்த விசிலுக்குக் கொட்டகையிலிருந்து நீங்கள் எல்லாரும் கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வருவீர்கள். காய்ந்துகொண்டிருக்கும் ஜவ்வரிசியைப் பலகையால் தள்ளிக் குவித்து, படுதா போட்டு, ஓரமெல்லாம் கல் வைத்து முடிப்பதற்கு ஆறு பேர் எந்த மூலைக்கு? அந்த அவசரத்தில் யாரும் யார் கையையும் பார்ப்பதில்லை. வாரிக் கொட்டினீர்கள், கூடையில் அள்ளினீர்கள், ஈரமானதைப் பிரித்தெடுத்தீர்கள். முதல் மழையில் தற்செயலாக என் படுதாவுக்கு எதிர்மூலை உன் கையில் வந்தது. அப்புறம் மூன்று வருஷமும் நீ வேறு மூலையைப் பிடிக்கவில்லை.

நீ பிடிக்கிற அழகே தனி. காத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று உனக்கு முன்னாடியே தெரியும். "தாழ வுடுங்க, தாழ வுடுங்க" என்று சிரித்துக்கொண்டே கத்துவாய். மழை விட்டதும் சேலையைப் பிழிந்துகொண்டு வாய்க்கால் பக்கம் திரும்பிப் போவாய். ஒரு நாள் நீ உடனே போகவில்லை. கால் முட்டியைப் பிடித்துக்கொண்டு களத்தோர வேப்ப மரத்தடியில் நின்றாய். மேஸ்திரி பார்த்துவிட்டார். "வேல முடிஞ்சிச்சில்ல, இன்னா நின்னுக்கினு? அங்க போ" என்றார். நீ என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாய்.

"மழைக்கு மட்டும் எங்க கை ஆவுது, பாத்தியா."

பாத்தீங்களா என்று நீ சொல்லவில்லை. அதைக் கவனித்த எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதுதான் நீ சொன்ன விஷயமே காதில் விழுந்தது.

அடுத்த மாசி மாதம் களத்தில் ஒரு ஆள் குறைந்தது. எங்கள் தெரு அக்கா ஒருத்தி மகள் பிரசவத்துக்குப் போனவள், திரும்பி வரப்போவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நீ மேஸ்திரியிடம் போய்க் கேட்டாய். பதினாறு வருஷம் ஈரத்தில் குந்திக் குந்தி உன் முட்டி தேய்ந்து போயிருந்தது. ஆஸ்பத்திரியில் இனிமேல் குந்தி எழுகிற வேலை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். களத்து வேலை நின்று செய்கிற வேலை. அது கிடைத்தால் இன்னும் பத்து வருஷம் உழைக்கலாம், இல்லையென்றால் வீட்டோடு உட்கார வேண்டியதுதான். நீ கேட்டது அவ்வளவே. மேஸ்திரி எங்கள் தெருக்காரர், என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை. அவர் சிரித்துக்கொண்டே, இது வடக்கே போகிற சரக்கு, அங்கே விரதம் இருக்கிறவர்கள் சாப்பிடுவது, கை சுத்தமாக இருக்க வேண்டும் என்றார். கையைக் கழுவிக்கொண்டு வா என்று அவர் சொல்லவில்லை. எந்தக் கை என்பது அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அப்போது உங்கள் மாதா கோயிலில் தபசு காலம், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதம். நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பகலெல்லாம் தண்ணீரோடு இருந்து சாயங்காலம் கஞ்சி குடிக்கிறவள் நீ. "நாங்களும் நாப்பது நாளு ஒருசந்தி இருக்குறவங்கதான் மேஸ்திரி. எங்க வயித்துக்குத் தெரியுற விரதம் கைக்குத் தெரியாதா?" என்று கேட்டாய். அவர் மறுநாள் எங்கள் தெருவிலிருந்து ஒரு புதுப்பெண்ணைக் களத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். அவளுக்குப் பலகையைப் பிடிக்கவே தெரியவில்லை. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை எனக்கு வந்தது.

கை கழுவுகிற குழாயடியில் நீ என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினாய். "உன் கையெழுத்து நல்லா இருக்கும்ன்றாங்க. எங்களுக்கு ஒரு மனு எழுதிக் குடு" என்றாய். எழுதினேன். களத்து வேலைக்கும் கொட்டகை வேலைக்கும் எந்தத் தெரு என்று பார்க்காமல் ஆளை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று எழுதி, சீவுகிற பெண்கள் எல்லாரும் கையெழுத்தும் ரேகையும் வைத்து, நீயே கொண்டுபோய் ஆபீஸில் கொடுத்தாய். கீழே என் பேர் இல்லை. என் எழுத்தைத் தெரிந்தவர்கள் ஆபீஸில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு தைரியம்.

மனு போன இடம் தெரியவில்லை. பத்து நாள் பார்த்துவிட்டு நீ வேறு யோசனை சொன்னாய். களத்தில் எங்களுக்கு வேலை இல்லை என்றால் மழையிலும் இல்லை. விசில் ஊதினால் எழுந்திருக்க மாட்டோம் என்றாய். எவ்வளவு சின்ன விஷயம், யாரையும் திட்ட வேண்டாம், கேட்டில் நிற்க வேண்டாம், வெறுமனே உட்கார்ந்திருப்பது. "நீங்க ஆறு பேரும் குந்திக்கினா போதும். எங்க பேச்சு மேல ஏறும்" என்றாய். எங்களை உட்கார வைக்கிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். ஒவ்வொருத்தியாகப் பேசினேன். அவர்கள் ஒத்துக்கொண்டது உங்கள் மேல் இருந்த பாசத்தால் இல்லை, அது உனக்கும் தெரியும். நீங்கள் வராவிட்டால் நனைந்த சரக்குக்கு நாங்கள் பேச்சு வாங்க வேண்டும், அதற்குப் பதில் எல்லாருமாகச் சும்மா இருந்துவிட்டால் யாரையும் தனியாகச் சொல்ல முடியாது என்று நான் சொன்ன கணக்கு அவர்களுக்குப் பிடித்திருந்தது. நான் எழுந்தால் அவர்களும் எழுவார்களாம், நான் உட்கார்ந்தால் உட்காருவார்களாம் என்று என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

பங்குனி கடைசியில் ஒரு நாள் மத்தியானம் மலை மறைந்தது. களம் முழுக்கச் சரக்கு. விசில் ஊதியது. நாங்கள் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். தொட்டிகளுக்கு நடுவில் இருந்த சந்து வழியாகப் பார்த்தால் கொட்டகை தெரிந்தது. நீ கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் பின்னால் பதினேழு பேரும் அப்படியே. மேஸ்திரி இன்னொரு தடவை ஊதினார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். முதல் துளி என் முழங்கையில் விழுந்தது. அடுத்தது ஜவ்வரிசியில் விழுந்தது.

அப்புறம் நான் பலகையும் கையுமாகக் களத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் ஓடி வந்தார்கள். வறுக்கிற அடுப்பில் இருந்த ஆண்கள் வந்தார்கள், லாரி டிரைவர்கூட வந்தார். முக்கால் பாகம் தப்பித்துவிட்டது. மேஸ்திரி தலையைத் துவட்டிக்கொண்டு கொட்டகையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார், நீங்கள் இல்லாமலே ஆகிவிட்டது பார்த்தீர்களா என்று. நீங்கள் யாரும் எழுந்திருக்கவே இல்லை. கடைசிவரை கையை மடியிலேயே வைத்திருந்தீர்கள். மறுநாள் காலை கேட்டிலேயே உன்னை நிறுத்தி, இனிமேல் வராதே என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களை எச்சரித்து உள்ளே விட்டார்கள்.

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். எங்கள் தெருவிலிருந்து பத்து நிமிஷ நடை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருஷத்தில் அந்தப் பத்து நிமிஷத்தை நான் நடந்ததே இல்லை. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். உன் வாசலில் வந்து நின்றதும் "அக்கா" என்று வாயில் வந்தது. அதுதான் முதல் தடவை. நீ முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாய். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாய். தண்ணீர் வேண்டுமா என்று நீ கேட்கவில்லை. நான் வேண்டாம் என்று சொல்லி அதில் ஒரு சங்கடம் வரவேண்டாம் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு நாக்கு வறண்டு போயிருந்தது. நானாகக் கேட்டிருக்கலாம்.

எப்படி ஆயிற்று என்று எனக்கே தெரியவில்லை அக்கா என்றேன். அழுதேன். நீ எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தாய்.

"நீ இன்னா பண்ணுவ. சம்சாரி வூட்டுப் பொண்ணு. உளுந்தும் நெல்லும் காயறப்ப தூறல் வுழுந்தா ஓடி ஓடி வளந்த காலு அது. உன்னக் கேட்டுக்கினா எழுந்திருக்கும்?" எண்ணெய்க் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாய். அப்புறம் சொன்னாய், "தானியம் நனைஞ்சா ஓடுற காலு, நாங்க நனைஞ்சா ஓடாது. அதுக்கு யாரும் பழக்கல. அவ்ளோதான்."

ஆமாம் அக்கா என்றேன்.

இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போனவள் களத்தில் நிற்காமல் நேரே பின்னால் நடந்தேன். கொட்டகையில் உன் இடம் காலியாக இருந்தது. உன் கத்தி தூணில் செருகியபடியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு களத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மேஸ்திரி வந்து, "இங்க இன்னாம்மா பண்ற நீ?" என்றார். இங்கேதான் ஒரு ஆள் கம்மி என்றேன். சிரித்தார், அதட்டினார், கடைசியில் போய் என் மாமியாரிடம் சொன்னார். அன்று வீட்டில் நடந்ததை உனக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். அன்றிலிருந்துதான் மாமியார் வாயை மூடியது. வீட்டுக்காரர் போனில், உனக்கு என்ன பைத்தியமா என்று ஒரு தடவை கேட்டார். அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கொட்டகையில் நான் உட்கார்ந்த முதல் வாரம் உன் பெண்கள் என்னோடு பேசவே இல்லை. ஏன் பேசுவார்கள்? என்னைப் பார்த்து நகர்ந்து உட்காரவும் இல்லை, கிட்டே வரவும் இல்லை. கிழங்குப் பால் பட்டு என் விரலிடுக்கு வெடித்தது. குந்தி உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. பதினாறு வருஷம் எப்படி இருந்தாய் என்று அங்கே குந்திப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் ஈஸ்டர் பாஸ்கா முடிந்து, சித்திரையில் அடுத்த மழை வந்தது. விசில் கேட்டது. கொட்டகையில் ஒருத்தரும் அசையவில்லை. என் முதுகுக்குப் பின்னால் சிமென்ட்டில் மழை அறைகிற சத்தம். தொடை இரண்டும் நடுங்கியது. பக்கத்தில் இருந்த மலைக்காரப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தன் கூடையை எடுத்து என் மடியில் வைத்தாள். அதில் கிழங்கு நிறைய இருந்தது, நல்ல கனம். நான் எழுந்திருக்கவில்லை. களத்தில் இருந்த ஐந்து பேரும் ஓடினார்கள், காத்து படுதாவைத் தூக்கிக்கொண்டு போனது, சரக்கு முழுக்கக் கூழாகிப்போனது.

அதோடு நிற்கவில்லை. மறுநாள் நாங்கள் கத்தியையும் எடுக்கவில்லை. குச்சிக்கிழங்கைப் பிடுங்கி மூன்று நாள் வைத்திருந்தால் உள்ளே கறுத்துப்போகும் என்பது முதலாளிக்குத் தெரியாதா? வெள்ளிமலைப் பக்கமிருந்து வந்த லாரிகள் ரோட்டில் வரிசையாக நின்றன. இரண்டாம் நாள் சாயங்காலம் முதலாளியே செருப்பைக் கழற்றாமல் அந்த ஈரத்தில் நடந்து கொட்டகைக்கு வந்தார். அதற்கு முன்னால் அவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. என்ன வேண்டும் என்றார். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன், யாரும் பார்க்கவில்லை. மலைக்காரப் பெண்தான் எழுந்தாள். "அவுங்க திரும்பி வரணும். களத்துக்கு வரணும். இனிமே ஆளு எடுத்தா எங்களையும் கேக்கணும்" என்றாள். அவர் லாரிகள் நின்ற பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

நீ திரும்பி வந்த நாள். புது ரப்பர் செருப்பு, தலையில் துண்டு, கையில் பலகை. தொட்டிச் சந்து வழியாக உன்னைப் பார்த்தேன். நீ களத்தில் நின்றாய், நான் கொட்டகையில் குந்தியிருந்தேன். என்னைத் திரும்பக் களத்துக்குக் கூப்பிட மேஸ்திரிக்கு மனசு வரவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. எனவே நாம் ஜெயித்த பிறகும் ஆளுக்கொரு பக்கம்தான். விசில் ஊதினால் நான் ஓடி வருவேன், நீ என் மூலையை எனக்காகப் பிடித்து வைத்திருப்பாய். வெயில் நாளில் பேச நேரம் கிடைக்காது. மழை பெய்யாதா என்று மலையைப் பார்த்துக்கொண்டே சீவுவேன்.

உனக்குக் கிடைத்தது இரண்டு வருஷம்தான். முட்டி தாங்கியது, சர்க்கரை தாங்கவில்லை. கிட்னி போய்விட்டது என்றார்கள். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோனபோது வரமுடியவில்லை. கல்லறைக்குத்தான் வந்தேன். கொட்டகைப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். எங்கள் தெருக் களத்துப் பெண்களில் இரண்டு பேர் மெயின் ரோடு வரை வந்து, உள்ளே வராமல், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மாதிரி நின்றுவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இப்போது தோல் சீவ மிஷின் வந்துவிட்டது. உருளையில் கிழங்கைக் கொட்டினால் அதுவே உரித்துத் தள்ளுகிறது. கிழங்கின் கணுவில் ஒட்டியிருக்கிற மீதித் தோலைக் கத்தியால் எடுக்க நாலு பேர் போதும், அதில் ஒருத்தி நான். மிஷின் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவளோடும் பேச முடியாது. களத்தில் உன் தெருப் பெண்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், அந்த மலைக்காரப் பெண்ணும் இருக்கிறாள். கையைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. சரக்கு இன்னும் வடக்கேதான் போகிறது. யாருடைய விரதமும் கெட்டதாக இதுவரை தகவல் இல்லை. இதை உன்னிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாய்.

அக்கா, இதையெல்லாம் எழுதியது கடைசியில் ஒன்றைச் சொல்லத்தான். கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சாமியாரிடம் நிறுத்தினாள். "எங்கம்மாவுக்காகக் களத்த வுட்டுட்டு வந்து கொட்டாய்ல குந்துனவங்க இவங்கதான் ஃபாதர்" என்றாள். நீ உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாய், என் தங்கச்சிக்குத் தைரியம் ஜாஸ்தி என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பங்குனி மழையில், இரண்டாவது துளி ஜவ்வரிசியில் விழுந்ததற்கும் நான் எழுந்ததற்கும் நடுவில் கொஞ்ச நேரம் இருந்தது. அதை உன்னிடம் சொல்லவில்லை. அந்த நேரத்தில் நான் மடியில் கிடந்த உன் கையைப் பார்த்தேன். வெளுத்து, வெடித்து, நகம் தேய்ந்த கை. நீ மேலே வந்தால் யாராவது ஒருத்தி கீழே போக வேண்டும், அந்தப் புதுப்பெண்ணை விட்டால் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தவள் நான், அவளோ மேஸ்திரி கொண்டுவந்து நிறுத்தியவள், ஆகவே போகப்போவது நான்தான் என்று நினைத்தேன். என் கையைத் திருப்பிப் பார்த்தேன். அதற்கப்புறம் நீ இருந்த பக்கம் பார்க்காமல் எழுந்தேன்.

நீ எடுத்துக் கொடுத்த காரணம் அவ்வளவு நன்றாக இருந்ததால் வாங்கிக்கொண்டேன். கால் ஓடவில்லை அக்கா. யோசித்துவிட்டு நான்தான் ஓடினேன்.